37 லிட்டர் டேங்க்கில் 40 லிட்டர்: சண்டை யாரோட?

டிஸ்கி: இது பெட்ரோல் பங்க் முதலாளிகளுக்கு வக்காலத்து இல்லை. பாதி படிச்சிட்டு திட்டக் கிளம்பறவங்க தயவுசெஞ்சு முழுசா படிச்சிட்டு கிளம்புங்க. திட்டறதுக்கு வேற ஆள் இருக்காங்க, கீழே வருவாங்க.

மக்களே, நம்ம ஊர் பங்க்குகளில் அடிக்கடி நடக்கும் நாடகம் ஒண்ணு இருக்கு. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடாகட்டும், கும்பகோணம் பைபாஸாகட்டும், மன்னார்குடியாகட்டும், வசனம் ஒண்ணுதான்.

"ஏம்ப்பா, என் வண்டி டேங்க்கே 37 லிட்டர்தான். நீ எப்படி 39.6 லிட்டர் போட்டே? மீதியை உன் சட்டைப் பையிலயா ஊத்துனே?"

நாசில் பிடிச்சிருக்கற தம்பிக்கு இருபது வயசுதான் இருக்கும், நம்ம கிளாஸ்ல உக்காந்திருக்க வேண்டிய ஆள். பதில் தெரியாம முழிப்பார். நாலு பேர் கூடுவாங்க. ஒருத்தர் செல்போன்ல வீடியோ எடுப்பார். சாயங்காலத்துக்குள்ள "டெல்டாவில் பெட்ரோல் கொள்ளை அம்பலம்"னு குரூப் குரூப்பா சுத்த ஆரம்பிச்சிடும். எங்க பெரியப்பா அதை எனக்கு மூணு தடவை அனுப்பியிருக்கார்.

அந்த வீடியோவில் அம்பலமாகறது கொள்ளை இல்லை. வண்டியோட கூடவே கொடுத்த கையேட்டை நம்மாளு ஒருத்தர்கூட பிரிச்சுப் பார்க்கலைங்கறதுதான்.

கம்பெனிக்காரன் "டேங்க் கொள்ளளவு"ன்னு அச்சடிக்கிற எண், அந்த டப்பாவுக்குள்ள மொத்தமா எவ்வளவு ஊத்தலாம்ங்கற எண் கிடையாது. பாதுகாப்பா எவ்வளவு ஊத்தலாம்னு அவன் பரிந்துரைக்கிற எண். பெட்ரோல் சூட்டுக்கு விரியும், ஆவியாகும். அதுக்கு மேலே காலி இடம் வேணும். நெல்லை அவிக்க அண்டாவை விளிம்பு வரைக்கும் யாராவது நிரப்புவாங்களா? அதே சங்கதிதான். அதனால பல வண்டிகளில் நிஜக் கொள்ளளவு அச்சடிச்ச எண்ணைவிட 10லிருந்து 15 சதவீதம் வரைக்கும் அதிகமா இருக்கும். மூடியிலிருந்து டேங்க் வரைக்கும் போற குழாய்ல நிக்கிறது வேற தனி. ஸ்விஃப்டுக்கு 37 லிட்டர்னு போட்டிருக்கா? 10 சதவீதம் சேர்த்தா 40.7. 15 சேர்த்தா 42.5. வறண்டு போன டேங்க்கில் 39.6 ஏறினதுல அதிசயம் எதுவுமில்லை.

வேகன்-ஆருக்கு 32, ஆல்டோ 800க்கு 35, இன்னோவாவுக்கு 55. எல்லாத்துக்கும் இதே கணக்குதான். (நானோ ஞாபகம் இருக்கா? 2009ல வந்தப்ப அதோட டேங்க் 15 லிட்டர். பெட்ரோல் போடறதுக்கு முன்பக்க பானெட்டைத் திறக்கணும். இஞ்சின் பின்னாடி இருக்கும். பங்க்ல புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க வண்டியைச் சுத்திச் சுத்தி வருவாங்களாம் :-))

இப்ப சண்டை போடறவர் அடுத்த நிமிஷம் செய்யறதைப் பாருங்க. நாசில் "டக்"குனு தானா நின்னதும் "ரவுண்ட் பண்ணிடுப்பா"ம்பார். பில் 3,912 ரூபாயா இருக்கறது அவருக்குப் பிடிக்காது, 4,000 ஆகணும். அந்த தம்பியும் நாசிலை கொஞ்சம் வெளியே இழுத்து, சொட்டுச் சொட்டா இன்னும் முக்கால் லிட்டரைத் திணிப்பார். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறற இடம் இதுதான்.

அந்த "டக்" என்னன்னு தெரியுமா? நாசில் முனையில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் பாயும்போது அந்த ஓட்டை வழியா காத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறி ஓட்டையை மூடினதும் காத்து நின்னு, உள்ளே வெற்றிடம் உண்டாகி, அது வால்வை இழுத்து மூடிடுது. கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. இவ்வளவு அழகா ஒரு சாதனம் "போதும்டா"ன்னு சொல்லியும் நாம கேட்கமாட்டோம். திணிக்கிற பெட்ரோல் எங்கே போகும்? ஆவி நிக்க வேண்டிய இடத்துக்குப் போகும். அங்கிருந்து ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி டப்பாவுக்குப் போகும். ஆவியைக் குடிக்க வேண்டிய கரி, திரவத்தைக் குடிச்சு நாசமாகும். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இந்த ஆவி சமாச்சாரத்துக்கு விதிமுறை இன்னும் கறார். இஞ்சின் விளக்கு எரியும், ஒர்க்ஷாப்பில் பில் நீளும். 88 ரூபாயை ரவுண்ட் பண்ணப் போய் ஆயிரக்கணக்கில் ரவுண்ட் ஆகும்.

இன்னொரு கோஷ்டி நேர் எதிர். "வெயில் காலத்துல ஃபுல் டேங்க் போட்டா வெடிச்சிரும், பாதிதான் போடணும்"னு சித்திரை பொறந்தா போதும், செய்தி சுத்த ஆரம்பிச்சிடும். கீழே இந்தியன் ஆயில் பேர் வேற இருக்கும். அந்த நிறுவனமே ஒரு தடவைக்கு மேல இதை மறுத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு வரைக்கும் எந்தக் காலத்துலயும் தாராளமா நிரப்பலாம்னு சொல்லியாச்சு. பெட்ரோல் பொறி இல்லாம தானா தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல வேணும். தஞ்சாவூர் கத்திரி வெயில் 40, 41. மீதி 210 டிகிரியை எங்கேருந்து கொண்டு வருவீங்க சாமி?

அப்புறம் "விடியக்காலைல போட்டா பெட்ரோல் குளிர்ந்து கெட்டியா இருக்கும், அதிகமா கிடைக்கும்" கோஷ்டி. ஒரு டிகிரி சூட்டுக்கு பெட்ரோல் சுமார் 0.1 சதவீதம் விரியும், அது நிஜம். ஆனா பங்க்கோட டேங்க் மண்ணுக்கடியில புதைஞ்சு கிடக்கு. காலை ஆறு மணிக்கும் மதியம் ரெண்டு மணிக்கும் அங்கே பெரிய வித்தியாசம் கிடையாது. "110 ரூபாய்க்கு போடு, 100ன்னா ஏமாத்திடுவான்" கோஷ்டிக்கு ஒரே கேள்வி: மெஷின் அளக்கறது லிட்டரை. ரூபாய்ங்கறது அதைப் பெருக்கி வர்ற எண். 2017 ஏப்ரலில் லக்னோவில் உ.பி. போலீஸ் அதிரடிப்படை பங்க் மெஷின்களில் ரிமோட்டில் இயங்கற சிப்பைக் கண்டுபிடிச்சாங்களே, அந்த சிப் 110ஐப் பார்த்து பயந்து ஒதுங்கிடுமா?

கவனிங்க, ஏமாத்து வேலையே நடக்கலைன்னு நான் சொல்லலை. நடக்குது. ஆனா அதைப் பிடிக்கிற வழி வேற. எல்லா பங்க்லயும் முத்திரை குத்தின 5 லிட்டர் அளவுக் குவளை இருக்கணும். நீங்க கேட்டா உங்க கண் முன்னாடி அதுல பிடிச்சுக் காட்டணும். கூடவோ குறையவோ 25 மில்லி வரைக்கும்தான் அனுமதி. அளந்த பெட்ரோல் திரும்ப அவங்க டேங்க்குக்கே போயிடும், உங்களுக்கு செலவு கிடையாது. குறைஞ்சா புகார் கொடுக்க ஆபீஸும் இருக்கு. தமிழ்நாட்டுல எடையளவு முத்திரை வேலை தொழிலாளர் துறைகிட்ட இருக்கு, வருஷா வருஷம் மெஷினைச் சோதிச்சு சீல் வைக்கறவங்க அவங்கதான். அடர்த்தியையும் கேட்கலாம். பெட்ரோல் 15 டிகிரி கணக்குல ஒரு கன மீட்டருக்கு 720லிருந்து 775 கிலோவுக்குள்ள இருக்கணும், அன்னிக்கு வந்த லோடோட அளவுக்கும் இதுக்கும் 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. மெஷின்லயே எழுதியிருப்பாங்க.

இத்தனை உரிமை கையில இருக்கு. எத்தனை பேர் 5 லிட்டர் குவளையைக் கேட்டுப் பார்த்திருக்கோம்? நான் கேட்டப்ப பின்னாடி வரிசையில நின்னவங்க ஹாரன் அடிச்சாங்க. பங்க்காரர்கூட ஒண்ணும் சொல்லலை, ஹாரன் அடிச்சது நம்ம ஜனம்தான். கூட்டம் கூடி தம்பியோட சட்டையைப் பிடிக்க நேரம் இருக்கு, குவளையில அளக்க ரெண்டு நிமிஷம் இல்லை. பூஜ்யத்தைப் பார்க்காம போன்ல பேசிக்கிட்டிருப்போம். 500க்கு கேட்டா 100ல நிறுத்தி, "சாரி சார்"னு சொல்லி, 400 வரைக்கும் ஓட்டி முடிக்கிற பழைய தந்திரம் அந்த நேரத்துலதான் நடக்கும்.

ரிசர்வ்லயே வண்டி ஓட்டற வீரர்களைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. "டேங்க் நிறைய போட்டா வெயிட், மைலேஜ் குறையும்"பாங்க. 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ. ஒரு ஸ்கூல் பையனைவிட கம்மி. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளயே மூழ்கிக் கிடக்கும், அதுக்குக் குளிர்ச்சி அந்தப் பெட்ரோல்தான். எப்பவும் வறட்சியிலேயே ஓட்டினா பம்ப் சூடாகி ஆயுசு குறையும். டீசல் வண்டி வத்தி நின்னா குழாய்ல காத்து புகுந்துக்கும், மெக்கானிக் வந்து காத்தை எடுத்தாதான் கிளம்பும். திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் ரோட்டுல ராத்திரி பத்து மணிக்கு இது நடந்தா உங்க வீரத்தை உப்பளத்து நண்டுகிட்டதான் காட்டணும். முள்ளு கால்வாசிக்கு வந்ததும் போட்டுட்டா இந்தத் தலைவலியே இல்லை. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா கரையைக் கடந்தப்ப, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணி மோட்டாருக்கும் செல்போன் சார்ஜுக்கும் ஜெனரேட்டர் தேடி அலைஞ்ச ஊருக்கு, ஐப்பசி கார்த்திகையில டேங்க் முக்கால்வாசியாவது இருக்கட்டும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனா ஒண்ணு. இந்த ஃபுல் டேங்க் உபதேசத்தை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் புல்லுக்கட்டு வச்சுக்கிட்டு 50 ரூபாய்க்குப் போடற அண்ணன்கிட்ட போய்ச் சொல்லாதீங்க. அவர் டேங்க் 4 லிட்டர், நிரப்ப 400 ரூபாய். அன்னிக்குக் கூலி வந்தாதான் அந்த 50. "கொஞ்சம் கொஞ்சமா போடறது முட்டாள்தனம்"னு கட்டுரை எழுதற ஆளுங்களுக்கு இது புரியாது. காசு இருந்தும் காருக்கு 200 ரூபாய்க்குப் போடறவங்களுக்குத்தான் என் கணக்கு: பங்க் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்து, அதுக்குன்னே போய் வந்தா 6 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கொடுக்கற வண்டின்னா மூணுல ஒரு பங்கு லிட்டர் அதுக்கே காலி. லிட்டர் 100 ரூபாய்னு வச்சா 33 ரூபாய். 200க்குப் போட 33 செலவு. கந்துவட்டிக்காரன்கூட இந்த ரேட் கேட்கமாட்டான்.

மைலேஜ் பார்க்கறதும் அப்படித்தான். முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்லாதீங்க. அந்த முள்ளு ஒரு மிதவையோட கை. டேங்க் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கறதால மேல் பாதி மெதுவா இறங்கும், கீழ் பாதி சட்டுனு இறங்கும், இல்ல நேர்மாறா இருக்கும். முதல் "டக்" வரைக்கும் போட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓட்டிட்டு, அதே பங்க்ல மறுபடி முதல் "டக்" வரைக்கும் போடுங்க. ஓடின கிலோமீட்டரை ரெண்டாவது தடவை ஏறின லிட்டரால வகுங்க. 360 கிலோமீட்டர், 20 லிட்டர்னா 18. மூணு நாலு தடவை எழுதி வச்சீங்கன்னா உங்க வண்டி ஜாதகம் உங்க கையில.

இப்படி எழுதி வச்ச நோட்டுதான் என்னை அடுத்த விஷயத்துக்கு இழுத்துட்டுப் போச்சு. டிஸ்கியில சொன்ன "வேற ஆள்" இங்கதான் வர்றாங்க.

பங்க்ல இப்ப நீங்க வாங்கறது பெட்ரோல் மட்டும் இல்லை. அதுல 20 சதவீதம் எத்தனால், இ-20. 2030க்குள்ளன்னு வச்சிருந்த இலக்கை 2025-26க்கு முன்னாடி இழுத்து, 2023 பிப்ரவரியில் விற்பனையைத் தொடங்கி, 2025லேயே எட்டிட்டாங்க. ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் சக்தி. ஒரு லிட்டர் எத்தனால்ல 21தான். 80க்கு 20 கலந்தா கிட்டத்தட்ட 29.8. அதாவது சுத்த பெட்ரோலைவிட 7 சதவீதம் குறைவு. நம்ம 37 லிட்டர் டேங்க்கை நிறைச்சாலும் உள்ளே இருக்கற சக்தி 34 அரை லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம். ரெண்டரை லிட்டர் போச்சு! 39.6 லிட்டர் எப்படி ஏறுச்சுன்னு சட்டையைப் பிடிச்ச மகராசன், ஒவ்வொரு ஃபுல் டேங்க்குக்கும் ரெண்டரை லிட்டர் சத்து காணாம போறதுக்கு ஒரு வார்த்தை பேசலை. ஏன்னா இது மீட்டர்ல தெரியாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2021 ஜூனில் வந்த நிதி ஆயோக் அறிக்கையே, பழைய வடிவமைப்புல வந்து இ-10க்கு சரிசெஞ்ச கார்களில் இ-20 போட்டா 6-7 சதவீதம் மைலேஜ் குறையும், டூவீலரில் 3-4 சதவீதம் குறையும்னு சொல்லுச்சு. இ-20க்குன்னே சரிசெஞ்ச புது கார்களில் 1-2 சதவீதம்தான். ஆக, அடி வாங்கறது பழைய வண்டி. டெல்டாவில் ஓடற கார்களில் பாதிக்கு மேல ரெண்டாம் கை, மூணாம் கைன்னு நான் சொன்னா, தெருவுல நின்னு ஒரு மணி நேரம் பார்த்துட்டு மறுத்துச் சொல்லுங்க.

மழைக்காலத்துல இன்னொரு வில்லங்கம். எத்தனால் தண்ணியை இழுக்கும். கொஞ்சம் தண்ணி வரைக்கும் தாங்கும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும். பம்ப் உறிஞ்சற இடமும் அடிதான். மழைத்தண்ணி தேங்கின பள்ளத்து பங்க்ல, வெள்ளம் வடிஞ்ச மறுநாளே போய் போடாதீங்க. பையன் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ லீவுக்கு வந்தாதான் கிளம்பும்னு ஆறு மாசம் காத்துக்கிட்டு நிக்கிற கார்கள் நம்ம தெருவுக்கு ரெண்டு உண்டு. அதுகளை காலி டேங்க்கோட நிறுத்தாதீங்க. அப்பப்ப ஓட்டி, புதுசா நிரப்பி வைங்க.

சரி, அந்த எத்தனால் எதுல செய்யறாங்க? கரும்பு, மக்காச்சோளம், அப்புறம்... அரிசி. ஆமாங்க, நம்ம அரிசி. உணவுக் கழகக் கிடங்குல மிஞ்சின அரிசியை எத்தனாலுக்குக் கொடுக்கலாம்னு 2020 ஏப்ரலில் முடிவாச்சு. நடுவுல 2023 ஜூலையில் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தாங்க. 2025 ஜனவரியில் விலையை கிலோ 22 ரூபாய் 50 காசுன்னு இறக்கினாங்க. இப்ப வயல் பக்கம் வாங்க. 2025-26க்கு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். 100 கிலோ நெல்லை அரைச்சா 67 கிலோ அரிசி. நெல்லுக்கு மட்டுமே கிலோ அரிசிக்கு 35 ரூபாய் ஆயிடுச்சு. அரவைக் கூலி, சாக்கு, லாரி, கிடங்கு எதையும் இன்னும் சேர்க்கலை. 35க்கு மேல அடக்கமான அரிசி ஆலைக்காரனுக்கு 22.50க்குப் போச்சு.

2025 அக்டோபர் மழையில் நேரடி கொள்முதல் நிலையங்களுக்கு வெளியே குறுவை நெல் குவிச்சபடி நனைஞ்சு முளைச்சது நம்ம எல்லாருக்கும் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினா வாங்கமாட்டோம்னாங்க, 22 வரைக்கும் வாங்குங்கன்னு நம்மாளுங்க கெஞ்சினாங்க. வாசல்ல நெல்லு முளைக்குது, கிடங்குல அரிசி "மிச்சம்"னு ஆலைக்குப் போகுது.

37 லிட்டர்ல 20 சதவீதம் 7.4 லிட்டர் எத்தனால். அது மொத்தமும் அரிசியிலிருந்தே வந்ததுன்னா, ஒரு டன்னுக்கு 450 லிட்டர் கணக்குல 16 கிலோ அரிசி வேணும். பல குடும்பங்களுக்கு ரேஷன்ல மாசத்துக்கு 20 கிலோ. கூட்டிக் கழிச்சுப் பாருங்க. நம்ம நிலத்துக்கு அடியில இருக்கற எண்ணெயை எடுக்கத்தான் நரிமணம், பனங்குடி, கதிராமங்கலம்னு இத்தனை பஞ்சாயத்து நடந்து 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே வந்துச்சு. இப்ப மேல விளையறதும் அதே டேங்க்குக்குப் போகுது.

எத்தனாலே கூடாதுன்னு நான் கொடி பிடிக்கலை. கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டுக்குக் கொட்டற காசு குறைஞ்சா நல்லதுதான், கரும்பு போடறவனுக்கும் மக்காச்சோளம் போடறவனுக்கும் நாலு காசு வந்தா நல்லதுதான். என் கோபம் வேற. அதே நிதி ஆயோக் அறிக்கையில இன்னும் ரெண்டு விஷயம் இருந்துச்சு. பழைய வண்டிகளுக்காக இ-10 தொடர்ந்து கிடைக்கணும். சக்தி குறைவா இருக்கறதால கலப்பு எரிபொருளோட விலையும் குறைவா இருக்கணும். இலக்கை மட்டும் அவசரமா எடுத்துக்கிட்டாங்க, இந்த ரெண்டையும் விட்டுட்டாங்க. கேட்டா, இப்ப எத்தனால் கொள்முதல் விலையே பெட்ரோலைவிட அதிகம்ங்கறது அமைச்சகத்தோட பதில். இ-20 இல்லாத பெட்ரோலும் கிடைக்கணும்னு போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ல் தள்ளுபடி செஞ்சிடுச்சு.

சோப்பு டப்பாவுல எடை குறைஞ்சா கிராம் போட்டு அச்சடிக்கணும். பால் பாக்கெட்ல கொழுப்பு எத்தனை சதவீதம்னு போடணும். 4,000 ரூபாய்க்கு வாங்கற சரக்குல சத்து குறைஞ்சிருக்குன்னு மட்டும் எங்கேயும் போட வேண்டாமா? விலைப் பலகையில "20 சதவீதம் எத்தனால், சக்தி 7 சதவீதம் குறைவு"ன்னு ஒரு வரி, பழைய வண்டிக்கு ஒரு இ-10 நாசில், அதுவும் முடியாதுன்னா லிட்டருக்கு அந்த 7 ரூபாய் தள்ளுபடி. அடுத்த தடவை செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கறவங்க, இந்தப் பலகையைக் கேட்டு எடுங்க.